மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்: கூடவேதான் இருக்கிறேன், ஆனாலும் எங்கோ தப்பு செய்கிறேன்

பதிவு 1 | நோட்டுக்காரன்

வணக்கம். ஒன்பது நாளைக்கு முன்னால் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியானது. வயது 43. குளிக்கும்போது அவளே கண்டுபிடித்த கட்டி. ஸ்கேனில் 2.8 செ.மீ. அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் இருக்கிறது. ஈஆர், பிஆர் (ஹார்மோனால் வளரும் வகையா என்று காட்டுபவை) இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 மட்டும் "2+" என்று வந்திருக்கிறது. அதற்கு இன்னொரு சோதனை போயிருக்கிறது, முடிவு வரவில்லை.

என் வேலையே திட்டமிடுவதுதான். அதனால் செய்தி வந்த அன்று இரவே ஒரு நோட்டு போட்டுவிட்டேன். தேதி வாரியாக ரிப்போர்ட், கேட்க வேண்டிய கேள்விகள் பச்சை மையில், டாக்டர் சொன்னது நீல மையில். இரண்டாவது கருத்துக்கு வேறொரு டாக்டரையும் பார்த்தாயிற்று. அலுவலகத்தில் விடுப்பு, பெண்ணைப் பள்ளியில் விட ஆள், எல்லாம் முடித்துவிட்டேன்.

நேற்று இரவு அவள் சொன்னாள்: "என்னை ஒரு ஃபைல் மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்." அதற்குப் பிறகு பேசவில்லை.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் உறையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஸ்டேஜ் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். எப்படிச் சொல்வது? இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

பதிவு 2 | வார்டு நர்ஸ்

சார், முதலில் மூச்சு விடுங்கள். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. இந்தக் குழப்பத்தில் தூக்கம் கெட்டவர்களைப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன்.

கிரேடு என்பது, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது அந்தச் செல்கள் சாதாரணச் செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பது. 1 முதல் 3 வரை. 3 என்றால் வேகமானது. அந்த வேகத்தால்தான் கீமோவுக்கும் பல நேரம் நன்றாக மசிகிறது. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரியது, எதுவரை போயிருக்கிறது என்பது. நீங்கள் சொன்ன அளவும் ஒரு நெறிக்கட்டியும் மட்டும்தான் என்றால் பொதுவாக 2-ம் ஸ்டேஜ் கணக்கில் வரும். ஆனால் அதை உங்கள் டாக்டர் வாயால் கேளுங்கள், என் வாயால் வேண்டாம்.

ஹெர்-2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ இரண்டுங்கெட்டான். அதனால்தான் ஃபிஷ் என்று இன்னொரு சோதனைக்கு அனுப்புகிறார்கள். அது பாசிட்டிவாக வந்தால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து சேரும். 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, வழக்கமாக ஒரு வருடம் போடுவார்கள், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். நெகட்டிவ் என்றால் அந்த மருந்து தேவைப்படாது. ஆகவே இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. சிகிச்சையின் வரிசையே இந்த முடிவைப் பார்த்துத்தான் அமையும்.

அந்தப் பக்கத்தைத் திரும்ப உறையில் வையுங்கள். அது உங்கள் ரிப்போர்ட் இல்லை.

பதிவு 3 | ஒன்பதாம் வருடம்

தம்பி, எனக்கு 51 வயதில் வந்தது. இப்போது 60. என் வீட்டுக்காரரும் ஒளித்தார். எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மொட்டை மாடியில் நின்று தன் அண்ணனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை, துணி எடுக்கப் போன நான் கேட்டேன். நெறிக்கட்டி வரை போயிருக்கிறது என்பது அன்று எனக்குப் பெரிதாகவே படவில்லை. என் கொழுந்தனாருக்கு எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறதே என்பதுதான் வலித்தது. அதற்கப்புறம் அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்ன எதையும் நான் நம்பவில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லாத ஸ்கேனைக்கூட.

இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பதிவு 4 | பேசாதவன்

நண்பரே, உங்களுக்கு நேர் எதிர் ஆள் நான். நோட்டு இல்லை, கேள்வி இல்லை. "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்ற ஒரே வாக்கியத்தை ஒரு வருடம் முழுக்கச் சொன்னேன். அவள் "ஒருவேளை நான்…" என்று ஆரம்பிக்கும்போதே குறுக்கே பாய்ந்து அணைத்துவிடுவேன். அதை ஆறுதல் என்று நினைத்திருந்தேன்.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள், கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம்தான் எல்லாம் பேசினேன் என்று. தான் செத்துப்போனால் பையனை யார் வளர்ப்பது, நான் மறுமணம் செய்துகொள்ள வேண்டுமா, எல்லாவற்றையும். என்னிடம் பேசினால் எனக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழுமாம். அவளும் நலம், நாங்களும் சேர்ந்துதான் இருக்கிறோம். ஆனால் அந்த ஒரு வருடம் அவள் என்னோடு வாழவில்லை, பக்கத்துக் கட்டிலோடு வாழ்ந்திருக்கிறாள்.

பதிவு 5 | குறுக்குக்கேள்வி

எல்லோரும் கணவன் செய்த தப்பையே பேசுகிறீர்கள். இந்த ஆளாவது கூட இருக்கிறார். மனைவிக்குப் பெரிய நோய் வந்தால் கணவன் விட்டுவிட்டுப் போவது ஆறு மடங்கு அதிகம் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. அதைப் பாருங்கள் முதலில்.

பதிவு 6 | வார்டு நர்ஸ்

அந்த ஆராய்ச்சியைப் பலரும் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் வந்தது, 515 நோயாளிகள். நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதம் பிரிவு, ஆணாக இருந்தால் 2.9. எண் உண்மைதான். ஆனால் அதில் மூளைக்கட்டி, நரம்பு நோய் என்று வந்தவர்களே பெரும்பங்கு. அந்த நோய்கள் ஆளின் சுபாவத்தையே மாற்றக்கூடியவை. 2007-ல் டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தவிர மற்றவற்றில் விவாகரத்து கூடவில்லை. மார்பகப் புற்றுநோயும் அந்த மற்றவற்றில்தான் சேரும்.

இந்த மனிதர் கேட்டது அது இல்லை. விஷயத்துக்கு வருவோம்.

பதிவு 7 | மட்டுறுத்துநர்

கட்டியைக் கரைக்கும் பொடி, பயாப்ஸி ஊசியால் நோய் பரவும் என்ற இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பயாப்ஸி செய்யாமல் எந்த வகைக் கட்டி என்றே தெரியாது, எந்த மருந்து என்றும் முடிவு செய்ய முடியாது. இங்கே அந்த வியாபாரம் வேண்டாம்.

பதிவு 8 | நோட்டுக்காரன்

அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. "இது எனக்கு இரண்டாம் நாளே தெரியும்" என்றாள். மருத்துவமனையிலிருந்து ரிப்போர்ட் அவள் போனுக்கும் வந்திருக்கிறது. நான் ஒளித்து வைத்திருப்பதும் தெரிந்திருக்கிறது. நான் உடைந்துவிடுவேனோ என்று, தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். ஒரே காகிதத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு வாரமாகக் காவல் காத்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

ஸ்டேஜ் 2 என்று டாக்டரே சொன்னார். ஃபிஷ் நெகட்டிவ். திட்டம்: முதலில் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை ஏசி என்ற இரண்டு மருந்துக் கலவை, பிறகு வாராவாரம் பன்னிரண்டு தடவை பாக்லிடாக்ஸெல் என்ற மருந்து. அப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை. கட்டிக்குள் அரிசி மணியைவிடச் சிறிய கிளிப் ஒன்று வைத்திருக்கிறார்கள். கீமோவில் கட்டி காணாமலே போனால் சர்ஜனுக்கு இடம் தெரிய வேண்டுமாம். காணாமல் போகலாம் என்று அவர்களே ஏற்பாடு செய்வதைப் பார்த்ததும் முதல் தடவையாக எனக்கு நம்பிக்கை வந்தது.

வருகிற செவ்வாய் ஆரம்பம். பெண்ணுக்கு 12 வயது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லலாமா?

பதிவு 9 | மகளாக மட்டும்

சொல்லுங்கள். என் அம்மாவுக்கு வந்தபோது எனக்கு 11. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதற்கு முந்தைய வாரம் அம்மாவிடம் சண்டை போட்டு "நீ வேண்டாம் போ" என்று சொல்லியிருந்தேன். என்னால்தான் வந்தது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நோயின் பெயரைச் சொல்லுங்கள். அவள் செய்த எதனாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது என்று சொல்லுங்கள். முடி கொட்டப் போகிறது என்பதைக் கொட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். அவளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்று சொல்லுங்கள். அந்த வயதில் அதுதான் உயிர் போகிற கேள்வி. "அம்மா செத்துப்போவாளா" என்று கேட்டால், "அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த மருந்து, ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டோம்" என்று சொல்லலாம். சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும்.

பதிவு 10 | வார்டு நர்ஸ்

செவ்வாய்க்கிழமைக்கு முன் சில விஷயங்கள். சார், பேனாவை எடுங்கள், இது உங்களுக்குப் பிடித்த பகுதி.

வீட்டில் வேலை செய்யும் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் மருத்துவமனை எண்ணைக் கூப்பிட்டு, கீமோ நோயாளி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏசியில் ஒரு மருந்து சிவப்பாக இருக்கும், டாக்ஸோரூபிசின். ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. இரண்டு நாளாவது கழிவறையை மூடி போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள், வாந்தியைச் சுத்தம் செய்தால் கையுறை போடுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபின் தேடாதீர்கள், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். ஸ்டீராய்டு போட்ட அன்று தூக்கம் வராது, அது மருந்தின் வேலை, பயம் இல்லை. முடி 2-3 வாரத்தில் கொத்தாக வரும். பாக்லிடாக்ஸெல் வரும்போது விரல் நுனியில் மதமதப்பு இருந்தால் உடனே சொல்ல வேண்டும். பொத்தான் போட முடியவில்லை என்பதைக்கூட. பொறுத்துக்கொள்வதற்கு அங்கே பரிசு கிடையாது.

இன்னொன்று, பலரும் கேட்கக் கூச்சப்படுவது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கருமுட்டை உறைய வைப்பது பற்றி கீமோவுக்கு முன் கேட்க வேண்டும், பின்னால் கேட்டுப் பயனில்லாமல் போகலாம். வேண்டாம் என்றாலும் சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம், ஹார்மோன் இல்லாத முறையாக.

பதிவு 11 | நோட்டில் இருப்பவள்

வணக்கம். நான்தான் அந்த ஃபைல்.

இந்த இழையை அவரே காட்டினார். இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒரு திருத்தம்: கட்டி 2.8 இல்லை, 2.6. அல்ட்ராசவுண்டில் 2.6, அதற்கு முந்தைய மேமோகிராமில் 2.8. பச்சை மை, நீல மை எல்லாம் போட்டும் நோட்டில் தப்பு.

அவரை யாரும் திட்ட வேண்டாம். அந்த நோட்டு இல்லாவிட்டால் பாதி விஷயம் எனக்கு நினைவிருக்காது. "புற்றுநோய்" என்ற வார்த்தைக்கப்புறம் டாக்டர் சொன்னது ஒன்றுகூட என் காதில் விழவில்லை. என் கோபம் வேறு. டாக்டர் அறையில் இவர் கேள்வி மேல் கேள்வி கேட்பார், டாக்டரும் இவரைப் பார்த்தே பதில் சொல்வார். ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் என் மார்பைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். இவர் கேட்டது எல்லாமே நல்ல கேள்விகள்தான். ஆனால் நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று, வலிக்குமா என்று. அந்தக் கேள்விகளுக்கு நடுவே அதைக் கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றியது.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. டாக்டரிடம் முதலில் நான் பேசுவேன், இவர் எழுதுவார். நான் முடித்து இவரைப் பார்த்தால் இவர் கேட்கலாம். எத்தனை சதவீதம் பிழைப்பார்கள் என்ற எண்களை நான் கேட்கும்வரை சொல்லக் கூடாது. இவர் படிக்கட்டும், தடுக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. "போராளி" என்று யாராவது சொன்னால் நான் அறையை விட்டு எழுந்து போவேன், இவர் எனக்காகச் சமாளிக்க வேண்டும்.

பேசாதவன் அண்ணா, உங்கள் பதிவைத்தான் மூன்றாவது தடவையும் படித்தேன்.

அப்புறம், இராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் போன் வெளிச்சம் தெரிகிறது. நான் தூங்கவில்லை. உள்ளே வந்து பார்க்கலாம்.

பதிவு 12 | நோட்டுக்காரன்

2.6. திருத்திவிட்டேன்.

பதிவு 13 | ஒன்பதாம் வருடம்

அம்மா, வலிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நான் கேட்காமலே போய், பிறகு ஒவ்வொன்றையும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதிவு 14 | நோட்டுக்காரன் (எட்டு வாரம் கழித்து)

மூன்றாவது ஏசி முடிந்த பத்தாம் நாள், இரவு இரண்டு மணி, 38.4. அவள் "விடியட்டும், ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்" என்றாள். நான் நர்ஸ் அம்மா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். போனோம். வெள்ளணு பாதாளத்தில். மூன்று நாள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக். இப்போது வீட்டில் இருக்கிறாள், நலம். அடுத்த தடவையிலிருந்து வெள்ளணு ஏற்றும் ஊசி. எலும்பெல்லாம் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

எழுத வந்தது அதற்காக இல்லை. நேற்று சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்து தட்டைக் கொண்டுபோய்ப் பாத்திரத் தொட்டியில் போட்டேன், சத்தமாக. கீமோ போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கோபப்படுகிறேன். நான் என்ன மனுஷன்?

பதிவு 15 | பேசாதவன்

மூன்று நாள் தூங்காத மனுஷன்.

உங்களுக்கென்று யார் இருக்கிறார்கள்? அவருக்கு யார் என்பது தெரியும், நீங்கள். உங்களுக்கு யார்? நண்பன், அண்ணன், மருத்துவமனை கவுன்சலர், யாராக இருந்தாலும் சரி. நான் பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். ஊசி வலிக்கிறதா என்று பாவம் அவர் பதறிப்போனார். புற்றுநோயாளியைக் கவனிக்கிறவர்களுக்கு மனச்சோர்வு வருவது அபூர்வம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் சிகிச்சை உண்டு. தூக்கம், பசி இரண்டும் தொடர்ந்து கெட்டால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள், நோட்டில் உங்கள் பெயருக்கும் ஒரு பக்கம் போடுங்கள்.

பதிவு 16 | நோட்டில் இருப்பவள்

எல்லாமே இரும்புச் சாவியை வாயில் போட்ட மாதிரி ருசிக்கிறது. பசி இல்லாமல் இல்லை, வாய் விடமாட்டேன் என்கிறது. எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினால் உள்ளே போகிறதும் போகாது. பக்கத்தில் சின்னத் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள், பிளாஸ்டிக் ஸ்பூன் போதும்.

தட்டு உடையவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பதிவு 17 | நோட்டுக்காரன் (ஆறாம் மாதம்)

கீமோ முடிந்தது. கடைசி இரண்டு பாக்லிடாக்ஸெல்லில் விரல் மரத்துப்போனது, அளவைக் குறைத்தார்கள். ஸ்கேனில் கட்டி 0.7 செ.மீ. ஆகச் சுருங்கியிருக்கிறது. நெறிக்கட்டி சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (மாறியிருந்தால் பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரக்கூடிய மரபணுக்கள்) இரண்டிலும் மாற்றம் இல்லை. பெண்ணை நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய ஆசுவாசம்.

சர்ஜன் இரண்டு வழியும் இருக்கிறது என்கிறார். கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்து ரேடியேஷன், அல்லது முழு மார்பையும் எடுப்பது. முழுதாக எடுத்துவிடலாம் என்கிறேன் நான். அவள் வேண்டாம் என்கிறாள். எனக்கு அழகு, அது இது எதுவும் முக்கியமில்லை, ஆள் இருந்தால் போதும். அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று புரியவில்லை. வீட்டில் நான்கு நாளாகச் சரியான பேச்சில்லை. யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பதிவு 18 | வார்டு நர்ஸ்

மன்னிக்கவும் சார், இந்தத் தடவை உங்களுக்குத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது மருத்துவர்களே நூறு வருடத்துக்குக் கிட்ட நம்பிய விஷயம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்பு, அதன் கீழ்த் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதை வழக்கமாக்கினார். பெண்களின் கை வீங்கியது, தோள் அசையவில்லை, ஆனாலும் அதுதான் முறை என்று இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி. 1970-களில் தொடங்கிய இருவரின் ஆய்வுகளுக்கும் 20 வருட முடிவு 2002-ல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் பெற்றவர்களுக்கும் முழு மார்பை எடுத்துக்கொண்டவர்களுக்கும் இடையே, உயிரோடிருந்த காலத்தில் வித்தியாசம் இல்லை.

ரேடியேஷனைத் தவிர்க்கக் கூடாது என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் இல்லாமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, ரேடியேஷன் சேர்ந்தபோது 14.3. அது அந்தக் கால மருந்துகளோடு. இப்போது இன்னும் குறைவு.

முழுதாக எடுக்க வேண்டியவர்கள் உண்டு: பல இடத்தில் கட்டி இருப்பவர்கள், பிஆர்சிஏ மாற்றம் இருப்பவர்களில் பலர், ரேடியேஷன் கொடுக்க முடியாதவர்கள். விருப்பத்தோடு எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. உங்கள் மனைவிக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது என்று சர்ஜன் சொன்னால், தேர்வு அவருடையது.

பதிவு 19 | ஒன்பதாம் வருடம்

நான் முழுதாக எடுத்துக்கொண்டவள். நானே கேட்டு வாங்கியது. ஒவ்வொரு மேமோகிராமுக்கும் பயந்து வாழ என்னால் முடியாது என்று தோன்றியது. வருத்தமில்லை. ஆனால் வேறு யாராவது எனக்காக அதை முடிவு செய்திருந்தால் ஒன்பது வருடமும் கண்ணாடி முன்னால் அவர்களைத்தான் திட்டியிருப்பேன்.

பதிவு 20 | நோட்டில் இருப்பவள்

ஏன் கோபம் என்று கேட்டீர்களே. "எனக்கு முக்கியமில்லை" என்கிறீர்கள். எனக்கு முக்கியம். அழகுக்காக இல்லை. ஆறு மாதமாக முடி போனது, புருவம் போனது, நகம் கறுத்தது, மாதவிலக்கு நின்றது, எதற்கும் யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருக்கிற ஒரே விஷயம் இதுதான். அதில் நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. முழுதாக எடுத்தால் பயமும் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். டாக்டரிடம் நானே கேட்டேன். முழுதாக எடுத்தாலும் வேறு உறுப்பில் வருகிற வாய்ப்பு அப்படியேதான் இருக்குமாம். அப்படியென்றால் அந்தப் பயம் எப்படியும் நம்மோடு வீட்டுக்கு வரும். வரட்டும். அதற்காக ஒரு மார்பு எதற்கு?

பதிவு 21 | நோட்டுக்காரன்

படித்தேன். பக்கத்து அறையில் இருந்துகொண்டு இங்கே பதில் எழுதுவது அபத்தமாக இருக்கிறது. எழுந்து போகிறேன்.

பதிவு 22 | பெயர் வேண்டாம்

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். நான் அவளைத் தொடுவதில்லை. வலிக்குமோ என்று பயம். அவள் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதிவு 23 | ஒன்பதாம் வருடம்

அவள் என்ன நினைக்கிறாள் என்று சொல்லட்டுமா? உங்களுக்கு அருவருப்பு என்று நினைக்கிறாள். நீங்கள் வலிக்குமோ என்று நினைப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? "தொட ஆசையாக இருக்கிறது, வலிக்குமோ என்று பயம், எங்கே தொடலாம், நீயே சொல்" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் தழும்பின் மேல் எண்ணெய் தடவிவிடுவதில்தான் ஆரம்பித்தது, அதுவும் காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு. முதல் நாள் இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதிவு 24 | வார்டு நர்ஸ்

கீமோவாலும் ஹார்மோன் மாத்திரையாலும் உடல் வறண்டுபோகும், ஆசையே குறையும். அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று அவரோ நீங்களோ எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்மோன் இல்லாத ஜெல், மாய்ஸ்ச்சரைசர் இருக்கின்றன. ஹார்மோன் கலந்த எதையும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். செக்கப்பில் இதை நாங்களாகக் கேட்பது குறைவு, அது எங்கள் குறை. நீங்கள் கேளுங்கள்.

பதிவு 25 | நோட்டில் இருப்பவள் (ஒன்பதாம் மாதம்)

பாதியில் விட்டுப்போனதற்கு மன்னிக்கவும். கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். மிச்சம் இருந்தது 4 மில்லிமீட்டர், ஓரங்கள் சுத்தம். அக்குளில் நீலச் சாயம் போட்டுத் தேடி மூன்று நெறிக்கட்டிகள் எடுத்தார்கள், மூன்றிலும் இல்லை. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது. முதலில் சிவப்பு, இப்போது பச்சை என்று எங்கள் பெண் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். நோட்டு போடும் பழக்கம் ரத்தத்திலேயே வந்திருக்கிறது.

கையைச் சுவரில் விரலால் ஏற்றும் பயிற்சி செய்கிறேன். ரேடியேஷன் 15 நாள். இடது பக்கம் என்பதால் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கச் சொல்கிறார்கள், இதயம் கொஞ்சம் விலகி நிற்குமாம். மேசையில் இருப்பது சில நிமிடம்தான், சட்டை மாற்றத்தான் நேரம் ஆகிறது. டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். ஐந்து வருடம், பத்தாகவும் ஆகலாம்.

ஆறு நாள் இவர் கூட வந்தார். நாளைக்கு ஏழாவது. தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் எதுவும் இல்லை, ஒரு தடவை தனியாகப் போய்விட்டு வர வேண்டும் போல இருக்கிறது.

பதிவு 26 | நோட்டுக்காரன்

காலை 9.40. கிளம்பிவிட்டாள். சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். நான் வீட்டில் இருக்கிறேன். கூப்பிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், கூப்பிடவில்லை.

பதிவு 27 | பேசாதவன்

எத்தனை மணிக்கு வருவார்கள்?

பதிவு 28 | நோட்டுக்காரன்

கேட்கவில்லை.